நமுக்காத ரஸ்க்

மொறுமொறுப்பில் பாதி காதில்தான் இருக்கிறது, ஐயா. பிஸ்கட் கம்பெனியில் எனக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, கடித்து மென்று, இது மொறுமொறுவென்று உடைகிறது, இது நமுத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வெளிச்சத்தம் காதில் விழுந்தால் நாக்குக் குழம்பிவிடும்.

என் வீட்டுக்காரருக்கு அது வேடிக்கை. யாராவது வந்தால், "இவ பல்லுக்குத்தான் சம்பளம், கைக்கு இல்ல" என்பார். நான் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, சொதசொதவென்று இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். அதற்காக நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. சிலர் சுபாவம் அப்படி.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்குப் பேச்சுப் போய்விட்டது. விழுங்குவதும் சிரமம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எல்லாவற்றையும் மையாக அரைத்துத்தான் தரவேண்டும் என்றார் டாக்டர். தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான். நான் அரைத்தால் ஒரு திப்பி இருக்காது. ஆனாலும் அவர் விழுங்க மாட்டார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்ப்பார். தட்டைத் தள்ளும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் காதோரம் உட்கார்ந்து நான் ரஸ்க் கடித்தேன். ஒவ்வொரு கடிக்கும் அவருக்கு ஒரு கரண்டிக் கூழ். மனிதர் மளமளவென்று விழுங்கினார். பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் பெண் அசந்துபோனாள். அப்படி ஒரு மனைவி எல்லோருக்கும் வாய்க்காது என்று பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னாளாம்.

போகப்போக அவர் கண் என் கையிலிருந்த ரஸ்க்கை விட்டு நகரவே இல்லை. நர்ஸ் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஆசைப்படுறாரேன்னு குடுத்துடாதீங்கக்கா. ஒரு துண்டு போதும், அடைச்சிடும்."

"எனக்குத் தெரியாதாம்மா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பாவம், அவளுக்கும் ஓய்வு வேண்டும். கதவைச் சாத்தினேன். டிவியை அணைத்து, ஃபேனையும் நிறுத்தினேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தெம்பு இருக்கிற பக்கத்துக் கடைவாயில் ஒரு துண்டு வைத்தேன். அன்று காலை சுட்டது, முதல் தரம்.

கடித்தார். அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல. நான் கொடுத்த ஒன்றைத் தள்ளாமல் அவர் மென்றது, கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான்.

பிறகு இருமல் வந்தது. கொஞ்ச நேரத்தில் இருமலும் நின்றது. ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு துண்டு வைத்தேன். மறுபடியும் தூக்கினார். அதற்கும் வைத்தேன். உதடு நீலம் பாய்ந்ததைப் பார்க்கவில்லையா என்கிறீர்கள். பார்த்தேன். போன் என் மடியில்தான் இருந்தது. சாப்பிடும்போது யாராவது போனில் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

நான்தான் கொடுத்தேன், ஐயா. அடைக்கும் என்று தெரிந்துதான் கொடுத்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கை உதவி கேட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். பிடிக்காமலா இருந்திருக்கும்? ஒரு துணுக்குக்கூட அவர் துப்பவில்லையே.