மூன்று லட்சம் புகார்களும் ஒரு கிரீச்சிடும் நாற்காலியும்

தலைமை ஏற்று, தாமதமாய் வந்த என்னையும் தாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் நிறுவனத்தின் தலைவி அம்மா அவர்களே, முப்பது ஆண்டுகளாய் மரத்தை அறுத்தும் மனிதரை ஒருபோதும் அறுக்காத தச்சுப் பிரிவின் மூத்தோர்களே, சர்வர் அறைச் சாவியைத் தம் சொந்தச் சொத்தாகவே இடுப்பில் செருகித் திரியும் காவலர் அண்ணா அவர்களே, எங்களை வேலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் தாய்மார்களே, முன் வரிசையில் நடுநாயகமாய் வீற்றிருக்கும் என் மாமியார், என் அருமை அத்தை அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் அடக்கமான வணக்கம். வழக்கமாக இப்படிச் சொல்வது ஒப்புக்குத்தான். இன்றைக்கு உண்மையாகவே அடங்கித்தான் வந்திருக்கிறேன்.

இப்போது ஒரு சத்தம் கேட்டதல்லவா? மைக்காரரே, மைக்கைத் தட்டாதீர்கள். அதன்மேல் தப்பில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், பிறகு சொல்கிறேன்.

இந்தக் குடும்ப விழா அழைப்பிதழில் என் பேருக்கு எதிரே வெற்றியுரை என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்பர்களே, இது உரையல்ல, தண்டனை. விதித்தவர் யார்? நான்தான். விதிக்கப்பட்டது யாருக்கு? அங்கேதான் கதையே இருக்கிறது.

நாம் நாற்காலி செய்கிறோம், எட்டுக் கடைகளில் விற்கிறோம். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கால் ஆடுகிறது என்பார்கள், கை கழன்றது என்பார்கள். அந்தப் புகார்களெல்லாம் காலைதோறும் பைப்லைன் என்னும் குழாய் வழியே புறப்பட்டு, போகிற வழியிலேயே கழுவி, துடைத்து, தரம் பிரிக்கப்பட்டு, டேட்டா வேர்ஹவுஸ் என்னும் தரவுக் கிடங்கில் போய் அடுக்கப்படும். கிடங்கு என்றதும் கோணிமூட்டையைத் தேடாதீர்கள். கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறையில், நாமெல்லாம் வியர்த்துக் கொட்ட, தான் மட்டும் ஏ.சி.யில் குளிரக் குளிர உட்கார்ந்திருந்ததே ஒரு பெட்டி, அதுதான் நம் கிடங்கு. பெட்டிக்கு வயதாகிவிட்டது. தொட்டால் நின்றது. தொடாவிட்டாலும் நின்றது. எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடுங்கள் என்று தலைவி அம்மா உத்தரவிட்டார்கள். கிளவுட் என்றால் பயப்படாதீர்கள் தாய்மார்களே. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இன்னொருவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் நாம் வாடகைக்குக் குடியேறுவது, அவ்வளவுதான்.

அந்தக் குடிமாற்றத்துக்குப் பொறுப்பாளன் அடியேன். இருநூற்றுப் பதினான்கு குழாய்கள். பழையதை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனோமா? போகவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்தோம், படித்தோம், புதிதாய் வரைந்தோம், புதிதாய் அமைத்தோம். பிறகு பழைய கிடங்கையும் புதிய கிடங்கையும் சேர்ந்தாற்போல் ஓடவிட்டோம். இரண்டும் ஒரே எண்ணிக்கை சொன்னால்தான் பழைய பெட்டியை அணைக்கலாம் என்பது அம்மாவின் கட்டளை.

எங்கள் குழுவில் எண்ணிக்கை சரிபார்க்கும் பெண்மணி, அதோ, தூணருகே கூச்சத்தோடு நிற்கிறார். ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். பழையதில் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஆறு புகார். புதியதில் நானூற்று ஏழு. ஒன்று கூடுகிறது. மூன்று லட்சத்தில் ஒன்றுதானே, விட்டுத் தள்ளுங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

"ஒண்ணுன்னா அது ஒரு ஆளு சார். யாரோ ஒருத்தர் கெட்டுப்போன நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு நமக்காகக் காத்திருக்காரு."

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு. எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்க வேண்டாம்.

தேடினோம். கடை கடையாய்த் தேடினோம், வருடம் வருடமாய்த் தேடினோம், மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து தேடினோம். என்ன காவலர் அண்ணா? ஆமாம், நான் சோறு மறக்கவில்லை. கேன்டீன்காரர் சாட்சிக்கு வர வேண்டாம். கடைசியில் தெரிந்தது, புதிய கிடங்கு சொல்வதுதான் சரி. பழைய குழாயில் எவனோ ஒரு வடிகட்டி வைத்து, ஒரே ஒரு புகாரை மட்டும் கிடங்குக்குப் போகவிடாமல் தடுத்திருக்கிறான்.

எனக்கு வந்ததே கோபம்! குழுவைக் கூட்டினேன், குரலை உயர்த்தினேன், குத்தினேன் மேசையை, கொட்டியது காபி. இந்த வேலையைச் செய்தவன் எவனாக இருந்தாலும் சரி, குடும்ப விழாவில் மேடையேற்றி, ஊழியர் முன்னும் உறவினர் முன்னும் மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடமாட்டேன் என்று சபதம் செய்தேன். அதோடு நின்றேனா? அத்தனை பேருக்கும் மின்னஞ்சலும் அனுப்பினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்மணி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு வரி. புகார் எண் நாற்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு வந்தால் சேர்க்காமல் விட்டுவிடு. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: தற்காலிகம், நாளைக்கு எடுத்துவிடுவேன். எடுக்கவேயில்லை. எழுதியவன் எவன் என்று உறுமினேன். அவர், ஒளித்து வைக்கப்பட்டிருந்த புகாரைத் திறந்து மெதுவாகப் படித்தார்.

"நாற்காலி கிரீச்சிடுகிறது. வாங்கித் தந்தவர் மாப்பிள்ளை. உங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். கேட்டால், பார்க்கலாம் அத்தை என்கிறார்."

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். தச்சுப் பிரிவு மட்டும் கொஞ்சம் குறைத்துச் சிரிக்கலாம். நாற்காலி நீங்கள் செய்தது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மாமியார் வீட்டுக்கு நம் நாற்காலியையே பெருமையோடு பரிசளித்தேன். அது கிரீச்சிட்டது. திருகாணியை முடுக்கிக் கொடுத்திருக்கலாம், செய்தேனா? நான் சாஃப்ட்வேர் ஆள், ஸ்பேனர் பிடிப்பேனா என்று ஓர் இறுமாப்பு. அத்தை முறைப்படி புகார் கொடுத்தார்கள். தினமும் பத்து மணிக் கூட்டத்தில் அன்றைய மேனேஜர் கிடங்கின் பட்டியலிலிருந்து அதை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். அலுவலகமே என்னைக் கிரீச் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. மானம் தாங்காமல் ஒரே ஒரு வரி எழுதினேன். சிரிப்பு நின்றது. பழுது பார்ப்பவர்களும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. அத்தையின் புகார் எவர் கண்ணிலும் படாமலே போயிற்று. எழுதியதை நானும் மறந்தேன். ஆனால் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அத்தைக்குப் போன் போட்டு, நடவடிக்கையில் இருக்கிறது அத்தை என்று பதினொரு வருடமாய்ச் சொல்லி வந்தேன். சத்தியமாய் நம்பித்தான் சொன்னேன்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு திருகை முடுக்க உங்களுக்குக் கிளவுடா வேணும்?"

வடிகட்டியை எடுத்தோம், எண்ணிக்கை பொருந்தியது, பெட்டியை அணைத்தோம். இப்போது அம்மாவின் அறைச் சுவரில் புதிய கிடங்கு ஒரு திரையைக் காட்டுகிறது. அதில் சிவப்பாக ஒரே வரி: மிகப் பழைய புகார், நாலாயிரத்துப் பதினொரு நாள். அம்மா அதை ஒரு பார்வை பார்ப்பார்கள், என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். புகார் கொடுத்தவர் சரியாகிவிட்டது என்று சொன்னாலொழிய அதை மூட முடியாது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

தோழர்களே, கிடங்கை மாற்றலாம், குழாயை மாற்றலாம், கட்டடம் விட்டுக் கட்டடம் மாற்றலாம். ஆனால் நம் கிடங்கில் இருப்பது வெறும் வரிகளா? ஒவ்வொரு வரியிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆடும் காலோடு உட்கார்ந்திருக்கிறார், கழன்ற கையோடு உட்கார்ந்திருக்கிறார், நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவரை மறைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை இனி எவரும் எழுதாதீர்கள். எழுதியவன் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சத்தம் மறுபடியும் கேட்கிறதா? மைக்காரரே, இப்போது முன் வரிசையைப் பாருங்கள். எல்லாரும் வாடகை நாற்காலியில் இருக்கிறார்கள். அத்தை மட்டும் வீட்டிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து அமர்ந்திருக்கிறார்கள். அதே நாற்காலிதான்.

இதோ ஸ்பேனர். நேற்றுத்தான் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அத்தை, என்னை மன்னித்துவிடுங்கள். நான் கீழே வந்து முடுக்கிவிட்டால், புகாரை மூடலாமா? யாராவது அவர்களிடம் மைக்கைக் கொடுங்கள்.

"திருகை நானே எப்பவோ முடுக்கியிருப்பேன் மாப்பிள்ளை. முடுக்கிட்டா அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவீங்க?"

...

மன்னியுங்கள். காவலர் அண்ணா, தண்ணீர் வேண்டாம்.

தலைவி அம்மா, அந்தச் சிவப்பு வரி உங்கள் சுவரிலேயே இருக்கட்டும், அனுமதியுங்கள். தலையாட்டுகிறார்கள், நன்றி அம்மா. திருகை இப்போதே முடுக்குகிறேன் அத்தை, புகார் மட்டும் திறந்தே இருக்கட்டும். ஞாயிறு பத்து மணிக்குப் போன் வரும். இனி நடவடிக்கையில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.

பொறுமையாய்ச் சிரித்த பெரியோர்களுக்கும், பொறுக்காமல் சிரித்த தச்சுப் பிரிவுக்கும், ஒன்றை ஒன்றாய் மட்டும் எண்ணாத அந்தப் பெண்மணிக்கும் நன்றி கூறி, ஸ்பேனரோடு மேடையிலிருந்து இறங்குகிறேன். அத்தை, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாருக்கும் வணக்கம்.