மூன்றாவது கிளிப்

மருந்துக் கடையில் இந்த நேரத்தில் கூட்டம் இருக்கும், டாக்டரம்மா. என் மகள் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். நான் இந்த ஜன்னலோர நாற்காலியிலேயே இருக்கிறேன். வெயில் முதுகுக்கு இதமாக இருக்கிறது.

என் வலது கையைத் தூக்கிப் பார்த்தீர்கள். கட்டைவிரலடியை அமுக்கினீர்கள். பிறகு அவளிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும், "வேலை செய்யாத கையில சதை வத்திப் போயிருக்கணுமே ஐயா?" என்றீர்கள். முன்பு பார்த்த டாக்டர் என் கையைத் தொட்டதே கிடையாது.

கை நன்றாக இருக்கிறது. வெகுநாளாகவே நன்றாக இருக்கிறது.

நான் பேருந்து ஓட்டியவன். பக்கவாதம் வந்தபோதுகூட வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சரிந்தேன். பயணிகளில் ஒருவருக்கும் சிராய்ப்பு இல்லை. என்னை நம்பி ஏறியவர்களை நான் நடுவழியில் விட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் குடும்பத்தோடு வெளிநாட்டில். மகள் பாப்பாதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் படித்ததும் இந்த வேலைக்குத்தான். மறந்துபோன கைக்குச் சோறு எடுக்க, தலை சீவ, பித்தான் போட மறுபடி பழக்குவது. ஒரு சிகிச்சை மையத்தில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் அடுத்த நோயாளி நான். பிளாஸ்டிக் குவளையின் விளிம்பில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டி என் முன்னால் வைப்பாள். ஒவ்வொன்றாக நான் கழற்ற வேண்டும்.

"கையப் பாக்காதீங்க. கிளிப்பப் பாருங்க."

"ரெண்டும் ஒரே இடத்துலதானேம்மா இருக்கு."

"பஸ் ஓட்டுறப்ப ஸ்டியரிங்கயா பாத்தீங்க?"

ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது கொடியிலிருந்து ஒரு கிளிப் விழுந்தது. யோசிக்காமல் குனிந்து எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் எந்தக் கையால் எடுத்தேன் என்று பார்த்தேன். அந்தக் கிளிப்பை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். மாலையில் அவள் வந்ததும், வலது கையால் கதவைத் திறந்து அவளை அசத்திவிட நினைத்தேன்.

அவளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, ரெண்டுலயும் கிடைச்சிருச்சு!"

மேற்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டிலிருந்தும் இடம் தருவதாகச் செய்தி வந்திருந்தது. ஒன்று பக்கத்தில். வீட்டிலிருந்தே போய் வரலாம். மற்றது ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற தூரம். அங்கே கைக்கென்றே தனித் துறை இருந்தது. என் வலது கை மடியில் கிடந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

"என்ன சொல்றீங்கப்பா?"

"உன் இஷ்டம்மா."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு 'உன் இஷ்டம்'னா என்ன அர்த்தம்?"

"வாதம் வந்த மூஞ்சிம்மா. அது அப்படித்தான் இருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

பக்கத்துக் கல்லூரியைத்தான் எடுப்பாள் என்று நம்பினேன். கை குணமாகாத அப்பாவை எப்படி விட்டுப் போவாள்? அதற்காகத்தான் மூன்றாவது கிளிப்பைத் தவறவிட ஆரம்பித்தேன். முதல் இரண்டைக் கழற்றுவேன். மூன்றாவது நழுவும். நழுவவிடுவதற்குத்தான் டாக்டரம்மா பழக்கம் வேண்டும். அவள் இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டிக் கழற்றிப் பயிற்சி செய்வேன். சதை வற்றாததற்கு அதுதான் காரணம்.

அந்த நழுவலே அவளைத் தூரத்துக் கல்லூரிக்குத் தள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது பத்தலப்பா. அங்க போய்ப் படிச்சிட்டு வந்து உங்க கையச் சரி பண்றேன்," என்றாள். மகனும் போனில் சொல்லிவிட்டான். "நீ கிளம்பு. அப்பாவுக்கு ஆள் வச்சுக்கலாம்."

"ஆள் வைக்க அப்பா என்ன கடையா?" என்று அவனைத் திட்டினாள். ஆனால் ஆளைப் பார்த்துப் பேசியும் வைத்தாள்.

முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள். விடுப்பு போட்டிருந்தாள். இரண்டு கல்லூரிகளுக்கும் சேர்க்கை ஒரே இணையதளத்தில்தான். வேண்டாத இடத்துக்கு எதிரே டிக் போட்டு, முழுப் பெயரைத் தட்டினால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். மதியமே பக்கத்துக் கல்லூரியை வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள். "காத்திருப்புப் பட்டியல்ல யாரோ ஒரு பொண்ணு போனயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாப்பா. நான் சும்மா பிடிச்சு வச்சிருக்கக் கூடாது," என்றாள். அவள் அப்படித்தான்.

மாலையில் பணம் கட்ட மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். தளத்துக்குள் நுழைந்தாள். பக்கம் திறப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டான். வீட்டுக்குள் சரியாகக் கேட்காது என்று மொட்டை மாடிக்குப் போனாள். பக்கம் என் எதிரிலேயே திறந்து நின்றது.

தூரத்துக் கல்லூரிக்கு எதிரே டிக் போட்டேன். பெயரைக் கேட்டது. அவள் பிறந்தபோது நான் தேடித் தேடி வைத்த பெயர். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். இடது கையே போதும். ஆனால் வலது கை தானாக வந்தது.

கீழே வந்தவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு இடத்துக்கும் எதிரே 'வேண்டாம்' என்றிருந்தது. மறுநாள் இரண்டு கல்லூரிகளையும் கூப்பிட்டுக் கெஞ்சினாள். இரண்டிலுமே பட்டியலில் அடுத்திருந்தவர்கள் பணம் கட்டிவிட்டார்களாம்.

மதியமே இரண்டுக்கும் சேர்த்து டிக் போட்டுவிட்டதாக அவளாகவே முடிவு செய்தாள். இடத்தைக் கைவிட்டதற்கு வந்த மின்னஞ்சலில் நேரம் இருந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. வீட்டில் அவளைத் தவிர இருந்தது, அவள் கண்ணுக்கு ஒரு கரண்டியைக்கூடத் தூக்க முடியாத ஆள்.

அதன்பிறகு அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். மையத்தில் நோயாளிகளைத் தொடுவதை விட்டுவிட்டு வரவேற்பு மேசைக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க கையயே என்னால சரி பண்ண முடியல. கண்ணு முன்னாடி இருக்கிறதையே தப்பா அழுத்துறவ நான். யார் கையயாவது முறிச்சு வச்சேன்னா?" என்றாள். சற்றுமுன் நீங்களும் கேட்டீர்கள், இந்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாமே என்று. "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது மேடம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாளே, அதுதான் இப்போது அவள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடம் கைவிட்டுப் போன அந்த வாரம் ஒரு நாள் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அன்னைக்கு மத்தியானம் பக்கத்துலதானே இருந்தீங்க. ரெண்டுக்கும் நான் டிக் போட்டதப் பாத்தீங்களா?"

அவளுக்கு ஒரு பதில் தேவையாக இருந்தது. குழம்பிக்கொண்டே இருப்பதைவிட நிச்சயமாகத் தெரிவது மேல் இல்லையா? "பாத்தேன்மா. நீ வேணும்னுதான் செய்யறேன்னு நெனச்சேன்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனாள். கிளிப்பும் குவளையும் இன்னும் மேசைமேல்தான் இருக்கின்றன. அவள் அவற்றைத் தொடுவதில்லை.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல்வீர்கள். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவள்தான். வந்ததும் நீங்கள் அவிழ்க்கச் சொன்ன என் சட்டைக்கு, கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிடுவாள். போட்டு முடித்துக் காலரைச் சரிசெய்யும்போது மட்டும் அவள் முகத்தில் பழைய பாப்பா தெரிவாள். தப்பில்லாமல் செய்ய முடியும் என்று அவள் நம்புகிற ஒரே வேலை அதுதான், டாக்டரம்மா. அதையும் நான் எப்படிப் பறிப்பேன்?