'எல்லாரும் உண்டு' என்று சொன்னவன்

"சாடுடா! கடல்ல சாடு!"

கணேசேட்டன் கத்துகிறார். கப்பலின் பின்பக்கம் எரிகிறது. நான் குதிக்கிறேன்.

புதன்கிழமை. காலை ஒன்பது ஐந்து. லட்சத்தீவுக்கு மேற்கே, அரபிக்கடல். முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. மரம் அறுக்கும் மெஷின் போல. ஆளில்லா விமானம். பிறகு ஒரே ஒரு வெடி. இயந்திர அறையில் இருந்த இரண்டு பேரும் அப்போதே போய்விட்டார்கள். யாருக்கும் யாருக்கும் இடையே நடந்த போரோ, தெரியாது. நாங்கள் ஏற்றிப்போனது சிமென்ட்.

கப்பலில் பதினொரு பேர். நான் சமையல்காரன். மட்டாஞ்சேரி. கணேசேட்டன் மேல்தளத்தில் மூத்த ஆள். இடக்கொச்சி. இருவரும் மலையாளக் கரையில் குடியேறிய தமிழ் வீட்டுக்காரர்கள். இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான்.

ரப்பர் மிதவையில் எட்டுப் பேர் ஏறினோம். கப்பலோடு கட்டியிருந்த கயிறு சிக்கிக்கொண்டது. தீக்குப் பக்கத்தில் நின்று அதை அறுத்துவிட்டவர் கணேசேட்டன். கடைசியாகக் குதித்தார். அதற்குள் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அலைமேல் அவருடைய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை தெரிந்தது. மறைந்தது. சட்டையில் தொங்கும் விசிலை ஊதினார். இரண்டு முறை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இரண்டு முறை.

துடுப்பு போட்டுப் பார்த்தோம். பக்கத்தில் போக முடியவில்லை.

பத்து இருபது. விமானம் வருகிறது. இறக்கைகளில் இரண்டு விசிறி. அது எங்கள் ஊர் விமானம். மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் காயலுக்கு அந்தப் பக்கம் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்த அள்ளிய மண்ணில் எழுந்த தீவு. இரண்டாம் உலகப் போரில் அங்கே போர் விமானங்கள் இறங்கின. விடுதலைக்குப் பிறகு கடற்படை அங்கே தன் விமானதளத்தை அமைத்தது. கடலில் வள்ளம் காணாமல் போனாலும் அங்கிருந்துதான் தேடப் போவார்கள். தென்காசியிலிருந்து வந்த என் அப்பா அந்த ஓடுபாதைக்குத் தார் சுமந்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று நான் திட்டியிருக்கிறேன்.

மிதவையில் கையடக்க வயர்லெஸ் ஒன்று இருந்தது. கேப்டன் நினைவு தப்பிக் கிடந்தார். மற்றவர்கள் புகை குடித்து வாந்தியெடுத்துக் கிடந்தார்கள். நான்தான் எடுத்தேன். என் பேச்சைக் கேட்டதும் மேலிருந்த குரல் மலையாளத்துக்கு மாறியது. எண்ணெய் அரைமணி நேரத்துக்குத்தான் இருக்கிறது என்றது.

"எத்ர பேருண்டு? எல்லாரும் உண்டோ?"

விசில் கேட்டது. தெற்கே. மெலிதாக.

ஒருவரைக் காணோம் என்றால் விமானம் தெற்கே போகும். திரும்ப எங்களைக் கண்டுபிடிக்குமா? மிதவைக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

"எட்டுப் பேரு சார். எல்லாரும் உண்டு."

விமானம் வடக்கே போனது, பக்கத்தில் போகும் கப்பல் எதையாவது எங்களிடம் திருப்பிவிட. சத்தம் தேய்ந்தது. விசில் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் தாங்கினேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

"சார்! ஒராள் கூடி உண்டு! கடல்ல உண்டு!"

நான் கத்தியதில் கேப்டன் கண் விழித்தார். விமானம் திரும்பி வந்தது. தெற்கே தாழப் பறந்து மூன்று வட்டம். எண்ணெய் தீர்ந்தது. போய்விட்டார்கள். அதற்குள் விசிலும் நின்றிருந்தது. சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டது. தளத்திலிருந்து இன்னும் இரண்டு நாள் தேடினார்கள்.

முதலில் ஏன் எல்லாரும் உண்டு என்றாய் என்று விசாரணையில் கேட்டதற்கு, புகையால் கண் தெரியவில்லை என்றேன். நம்பினார்கள்.

கணேசேட்டனின் மனைவி லதா சேச்சி என் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாக்கும் பிளேனைத் திரும்ப வரவச்சே. கேப்டன் சொன்னாரு. அது மறக்கமாட்டேன்டா."

அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"முதல்ல எல்லாரும் உண்டுன்னாக்கும் சொன்னேன் சேச்சி. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அவரைச் சொன்னேன்."

"அப்போ அவரு உசுரோட இருந்தாரா?"

"விசில் ஊதிட்டிருந்தாரு."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

கையை எடுத்துக்கொண்டார். செருப்பைக்கூட மாட்டாமல், கையில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இதை எழுதப் போவதாகச் சொல்லி அனுப்பினேன்; அவர் தடுக்கவும் இல்லை.

கப்பல் ஒன்று மூழ்கியது. ஏறியவர் பதினொரு பேர். கரைக்கு வந்தவர் எட்டு. இயந்திர அறையில் வெந்து செத்தவர் இரண்டு. அவர்களை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. கடலில் ஒருவர். கணேசன், வயது நாற்பத்தாறு, இடக்கொச்சி. உடல் கிடைக்கவில்லை. அவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நான்.