அத்தையின் கல் இன்னும் உடையவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, எங்கள் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். நடந்ததை நடந்தபடியே சொல்வது என்று முடிவுசெய்து, எழுதி எடுத்து வந்திருக்கிறேன். எதையும் கூட்டமாட்டேன், எதையும் குறைக்கமாட்டேன். இன்று நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவருக்குக் கூட்டிச் சொல்வது பிடிக்காது.

உங்களுக்கு அவர் பேராசிரியர். பாறை எப்படி நெளிகிறது, எப்படி உடைகிறது, நிலம் ஏன் நடுங்குகிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். எனக்கு அவர் அத்தை, என் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார்.

எனக்கு முன்னால் பேசிய ஒருவர், பேராசிரியர் யாரிடமும் கோபப்பட்டதே இல்லை என்றார். அது உண்மையில்லை. இன்னொருவர், அவர் சமையல் அருமையாக இருக்கும் என்றார். அதுவும் உண்மையில்லை. அத்தை வேகவைத்த உருளைக்கிழங்கைக் கடித்துப் பார்த்துவிட்டு அப்பா, "அக்கா, இதையும் உன் மெஷின்ல வெச்சுப் பாரேன், எப்ப உடையுதுன்னு தெரியட்டும்" என்பார். "டேய், அதுக்கு முன்னாடி உன் பல்லு உடையும், பேசாம சாப்பிடு" என்பார் அத்தை.

அத்தை பேருந்தில் இறந்துபோனார். வேலைக்கு வரும் வழியில், ஜன்னலோர இருக்கையில், உட்கார்ந்தபடியே. "அசந்து தூங்குறாங்கன்னுதான் நெனச்சேங்க" என்று நடத்துநர் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. ஒலிபெருக்கிக் கம்பியைக் கறுப்பு டேப் போட்டுத் தரையில் ஒட்டியிருப்பது கண்ணில் படுகிறது. மேடையில் இருக்கும் படம் அத்தையின் அடையாள அட்டைப் படம்தான் என்பதும், அதன் ஓரத்தில் முத்திரையின் பாதி வட்டம் தெரிவதும் கண்ணில் படுகிறது. மற்ற எதுவும் உள்ளே போகவில்லை.

அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி. உடைவதற்கு முன்னால் கல் ஏதாவது சொல்கிறதா? அவ்வளவுதான். தண்ணீர்க் குவளை அளவுக்குக் கல்லை உருளையாக வெட்டி, அழுத்தப் பொறியில் வைத்து, அழுத்தத்தை ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். கல் எவ்வளவு நெளிகிறது என்பதைப் பொறி ஒரு கோடாகப் பதிவுசெய்துகொண்டே இருக்கும். சில கற்கள் உடைவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கும். சில கற்கள் ஒன்றுமே சொல்லாமல் உடையும். ஏன் என்று அத்தை கண்டுபிடித்தாரா? இல்லை. கண்டுபிடித்ததாக எப்போதாவது சொல்லிக்கொண்டாரா? அதுவும் இல்லை.

ஒருமுறை நிலநடுக்கம் வந்தபோது தொலைக்காட்சியில் அத்தையைப் பேட்டி எடுத்தார்கள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டார்கள். "தெரியாது" என்றார். "தெரியாதுன்னு சொல்லவாங்க இத்தனை வருஷம் படிச்சீங்க?" என்று சிரித்தார் பேட்டி எடுத்தவர். "ஆமாங்க. மத்தவங்க சும்மா சொல்லிடுவாங்க. நான் படிச்சிட்டு சொல்றேன், தெரியாது" என்றார் அத்தை. அதோடு பேட்டியை முடித்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது இங்கே சிலருக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் அத்தை ஒரு தவறு செய்தார். அவர் வைத்திருந்த கல்லின் பதிவில், தினமும் காலையில் கோடு கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. கல்லுக்கு ஏதோ ஒரு தாளம் இருக்கிறது என்று நம்பினார். இதே மண்டபத்தில், இதே இடத்தில் நின்று அதை அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அத்தைக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்துவிட்டார். அந்த நாட்களில் கோடு ஏறவே இல்லை.

காரணம் என்ன? தினமும் காலையில் அத்தை பொறி இருக்கும் அறைக்குள் போய், விளக்கைப் போட்டு, பொறியின் அருகில் நின்று பார்ப்பார். விளக்கின் சூடும் அவர் உடம்பின் சூடும் சேர்ந்து பொறியின் இரும்புச் சட்டம் மயிரிழை அளவு விரிந்திருக்கிறது. அதுதான் அந்தத் தாளம். அத்தை மறுபடியும் இதே இடத்தில் நின்றார். "நான் இத்தனை நாளா பார்த்தது கல்லை இல்ல, என்னைத்தான்" என்றார். கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். ஆனால் பதிவில் இருந்த மேடுகளை அழிக்கவில்லை. ஒவ்வொரு மேட்டின் பக்கத்திலும் "நான் வந்தேன்" என்று தன் கையால் எழுதினார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்பது அத்தையின் சட்டம். தாழ்வாரத்தில் ஒரு திரை வைத்து, அதில் கோட்டைப் பார்ப்பார்கள். அத்தை கோபப்பட்டதெல்லாம் அந்தக் கதவைத் திறந்தவர்களிடம்தான்.

இப்போதும் அந்தப் பொறியில் ஒரு கல் இருக்கிறது. அத்தை வைத்த கடைசிக் கல்.

அத்தை இறந்த செய்தியைச் சொல்ல இங்கே வந்தவர் என் அப்பா. எல்லாரும் பதறிக்கொண்டு இருந்ததில் அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. அவர் அந்தப் பொறி அறையைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

போன வாரம் அத்தையின் குடையையும் செருப்பையும் வாங்கிப்போக நானும் அப்பாவும் வந்திருந்தோம். இயக்குநர் ஐயா பதிவைக் காட்டி, "அன்னைக்குக் கோடு ஏன் இப்படித் தூக்கியிருக்கு?" என்று அத்தையின் ஆய்வு மாணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கல் எப்போது உடையும் என்று ஓயாமல் கேட்பதால் அத்தை அந்த அண்ணனுக்கு வைத்த பெயர் 'அவசரம்'.

"யாரோ உள்ள போயிருக்காங்க, சார்" என்றார் அவசரம்.

"நான்தாங்க" என்றார் அப்பா. "லைட்டைப் போட்டேன். கல்லைக் கட்டிக்கிட்டு அழுறியேன்னு அக்காவை எப்பவும் கிண்டல் பண்ணுவேன். அது என்னதான்னு ஒரு தடவை பார்க்கலாம்னு போனேன். அந்த இரும்பு மேல கையை வெச்சுக்கிட்டு நின்னேன்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"தெரியலைங்க."

இயக்குநர் ஐயா கோபப்படவில்லை. "உங்க மேல தப்பில்லைங்க. ஆனா பதிவு கெட்டுப்போச்சு. மெஷினுக்கு இன்னொரு குழு காத்துக்கிட்டிருக்கு. திங்கட்கிழமை அழுத்தத்தை இறக்கிடலாம்" என்றார்.

"கோடு பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமே" என்றார் அவசரம்.

"நீயா சொல்ற? எப்ப உடையும் எப்ப உடையும்னு மேடத்தோட உயிரை வாங்குனவன் நீதானே?"

"ஆமா, சார்."

'உயிரை வாங்குனவன்' என்று சொன்னது உறைத்ததும் இயக்குநர் ஐயா பதிவை மூடி வைத்தார்.

திரும்பிப் போகும்போது பேருந்தில் அப்பா, "அக்கா வேலையை நானே கெடுத்துட்டேன்" என்றார். இப்போதுகூட முன்வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. அப்பா கதவோரமாக, கடைசி வரிசையில் இருக்கிறார்.

அப்பா, நீங்கள் கெடுக்கவில்லை. அத்தை இருந்திருந்தால் கதவைத் திறந்ததற்கு உங்களை ஒரு பிடி பிடித்திருப்பார். ஆனால் அந்த மேட்டை அழித்திருப்பாரா? அதற்காகக் கல்லை எடுத்திருப்பாரா? பக்கத்தில் காரணத்தை எழுதியிருப்பார். "தம்பி வந்தான்" என்று எழுதியிருப்பார்.

இயக்குநர் ஐயா அவர்களே, அத்தை தன் தவறைச் சொன்ன அன்று நீங்கள் இந்த மண்டபத்தில் மாணவராக உட்கார்ந்திருந்தீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். சற்றுமுன் பேசும்போது நீங்கள், "அவர் பணியைத் தொடர்வோம்" என்றீர்கள். அவர் பணி எது? அந்தக் கல்தான். தொடர்வது என்றால் என்ன? அது தானாக உடையும்வரை காத்திருப்பதுதான். திங்கட்கிழமை அழுத்தத்தை இறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடர்வோம் என்று இங்கே சொன்ன எல்லார் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.

இது நான் எழுதி எடுத்து வந்ததில் இல்லை. இயக்குநர் ஐயா தலையசைக்கிறார். சரி என்பதற்கான தலையசைப்பா என்று கேட்டுவிடுகிறேன். ஆம் என்கிறார். இன்னும் காத்திருக்கும்படி அந்தக் குழுவிடம் தானே சொல்வதாகவும் சொல்கிறார். நன்றி ஐயா. இதையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. கூட்டம் முடிந்ததும் அனைவரும் பேராசிரியரின் ஆய்வறைக்குள் சென்று மௌனமாக நின்று அஞ்சலி செலுத்துவோம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் அன்பு எங்களுக்குத் தெரிகிறது. ஆனால் தயவுசெய்து யாரும் உள்ளே போகாதீர்கள். தாழ்வாரத்தில் நில்லுங்கள். அங்கேயே திரை இருக்கிறது. இனிமேல் இந்தப் பதிவில் எந்த மேடு வந்தாலும் அது கல் சொன்னதாக இருக்கவேண்டும், நாம் சொன்னதாக இருக்கக்கூடாது. அத்தைக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி இதுவாக இருக்கட்டும்.

இங்கே வருவதற்கு முன்னால் நான் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வந்தேன். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாகவும் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.