கருப்பாயிடுச்சா பாரு

— ...அதே எடத்தை எத்தனை தடவைப்பா தேய்ப்பீங்க?

— நரைச்சுப் போன கார் பிளாஸ்டிக்கும்மா. நல்லா ஊறணும். இப்ப பாரு, கருப்பாயிடுச்சா?

— அது அப்பவே ஆயிடுச்சு. எண்ணெய் தடவுன தலை மாதிரி மின்னுது. இந்தப் பக்கம் பம்பரைப் பாருங்க, தொடவே இல்ல. சாம்பலா கிடக்கு.

— அது... அப்புறம் செய்யலாம்னு விட்டு வச்சிருக்கேன்.

— ஹெட்லைட் கண்ணாடி மேலயும் பூசி வச்சிருக்கீங்களே, அதுவும் அப்புறம் செய்யறதுக்கா?

— கண்ணாடிலயா? எங்க?

— உங்க மூக்குக்கு நேரா.

— வந்து அரை மணி நேரம் ஆகல, குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிட்ட! நீயும் ஒரு ஸ்பாஞ்ச் எடு. கருப்பு பாலிஷ் டப்பாவுல முக்கி, பிழிஞ்சுட்டு, லேசா தடவு. சக்கரத்துக்கு மேல வளைவா இருக்குல்ல, அதைப் பாத்துக்க.

— முதல்ல சோப்புத் தண்ணி போட்டீங்களா?

— பல் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, காய வச்சிருக்கேன். யாருகிட்ட கேக்குற!

— சரி சரி... கண்ணு டாக்டர் என்னப்பா சொன்னார்?

— என்ன சொல்லுவார்? வயசாச்சுன்னார். அது எனக்கே தெரியும்.

— வண்டி ஓட்டலாம்னாரா?

— நான் கேக்கல, அவரும் சொல்லல.

— மேல் வீட்டு அக்கா போன்ல சொன்னாங்க. தினமும் காலைல ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேக்குதாம்.

— அந்தம்மாவுக்கு வேற பொழப்பே இல்லையா? ஆமா, ஓட்டுறேன். நேத்துகூட மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்தேன். அதுக்கென்ன இப்ப?

— அந்த ரோட்டுலயா? ஸ்கூல் போற நேரத்துல எத்தனை பிள்ளைங்க குறுக்க ஓடும்!

— நாப்பது வருஷமா ஓட்டுறவன்டி நான்.

— அதான் பயமா இருக்கு. ஆபீஸ்ல போன் அடிச்சா, யாரு என்ன சொல்லப் போறாங்களோன்னு... எடுக்கவே கை வரமாட்டேங்குது.

— இந்தத் துணி ஈரமா இருக்கு. வேற எடுத்துட்டு வர்றேன்.

— நான் போறேன், நீங்க உக்காருங்க.

— உனக்கு அது இருக்குற எடம் தெரியாது. ஆமா... உன் பையை எங்க வச்ச?

— கூடத்துல, நாற்காலி மேல. ஏன்?

— சும்மா கேட்டேன். தட்டி விட்டுடப் போறேன்னு.

— ...அப்பா! துணி எடுக்க இவ்ளோ நேரமா? நெய்யறீங்களா?

— வர்றேன் வர்றேன்... தேட வேணாமா? இந்தா. என்ன அங்க குனிஞ்சு பாத்துட்டிருக்க? வளைவு கருப்பாயிடுச்சா?

— வளைவை விடுங்க. நேத்து மார்க்கெட் போனீங்களா?

— சொன்னேனே.

— இந்த வண்டிலயா?

— பின்ன, பறந்தா போவேன்?

— டயருக்கும் வளைவுக்கும் நடுவுல சிலந்தி வலை கட்டியிருக்கு. நல்ல பெரிய வலை. குடும்பம் குட்டியோட இருக்கு. நேத்து ஓடுன சக்கரத்துல இது எப்படிப்பா குடித்தனம் பண்ணும்?

— ...அடப்பாவி. அது என் கண்ணுல படலயே.

— அப்பா... எத்தனை நாளாச்சு?

— மூணு மாசம்.

— அப்ப காலைல ஏழு மணி?

— பேட்டரி இறங்கிடக் கூடாதுல்ல. பத்து நிமிஷம் ஓட விட்டு அணைச்சிடுவேன். சத்தம் கேட்டா, தெருவுல ஒருத்தனும் என்னைக் கிழவன்னு நினைக்க மாட்டான். அவ்ளோதான்.

— ஐயோ... அப்பா...

— ஏன்டி அழுவுற?

— அழுவல. சிரிக்கிறேன். நிஜமா மூச்சு இப்பதான் வருது. ஏன் நிறுத்துனீங்க?

— திருப்பத்துல ஒரு அம்மா வந்தாங்க. கூடை விழுந்த சத்தம் கேட்டப்புறம்தான் ஆளையே பாத்தேன்.

— அடிபட்டுச்சா?

— இல்லம்மா. தக்காளிதான் உருண்டுச்சு. அந்தம்மா திட்டிட்டுப் போயிடுச்சு. நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் முதல் கியரை விட்டு மாத்தவே இல்ல. அன்னிக்கு நிறுத்துனதுதான்.

— அப்புறம் எதுக்கு இந்தப் பூச்செல்லாம்?

— உனக்குத் தர்ற வண்டிய நரைச்சுப் போயா தருவாங்க? நீதானே இனிமே ஓட்டப் போற.

— எனக்கா?

— பின்ன உங்கண்ணனுக்கா? அவன் சைக்கிளையே செவுத்துல விட்டவன். ஒண்ணு மட்டும்... கண்ணு ஆபரேஷன் அன்னிக்கு நீதான் இதுல கூட்டிட்டுப் போகணும். தேதி குடுத்துட்டாங்க. சரியாயிடும்னுதான் சொல்றார் டாக்டர்.

— இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! அப்பா... நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். சும்மா பாக்க வரல. உங்ககிட்ட சாவிய வாங்கிட்டு வான்னு அண்ணன் அனுப்பினான். எப்படிக் கேக்கறதுன்னு பஸ்ஸுல வழி பூரா ஒத்திகை பாத்துட்டு வந்தேன்.

— தெரியும்மா. உன் பையில முன்பக்க ஜிப்புக்குள்ள பாரு. துணி எடுக்கப் போனப்பவே சாவிய அதுல போட்டுட்டேன்... கையெல்லாம் இந்தக் கருப்பு. பையிலயும் அப்பியிருக்கும், எனக்குத் தெரியல. நீ பாத்துத் தொடச்சுக்க.