கடை மடிப்பு

விடியற்காலை நாலே முக்கால் மணி. பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. மீன் கடைகளின் மேல் கட்டியிருந்த தார்ப்பாய் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பட்... பட்... பட்...

நண்பர் ஒருவருடைய சகலை வீட்டில் நடந்தது இது. பெயர்களை மாற்றியாயிற்று. தி. நகரில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை நடத்தி, ஒருவர் வாயிலும் விழாமல் வாழ்ந்த குடும்பம். கேட்டதை இந்த அறையோடு விட்டுவிட வேண்டும். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் பிலிம் கேமராவோடு நடந்து போனவன் முத்துகிருஷ்ணன். கடைக்கு ஒரே வாரிசு. கடையில் உட்காரவில்லை, படம் எடுக்கப் போய்விட்டான். மூடிய பொருள்களை மட்டும்தான் எடுப்பான். தார்ப்பாய் போட்ட படகு, உறை போட்ட கார், திரை இழுத்த சன்னதி. எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் விடிவதற்கு முந்தின அரை மணி நேரத்தில். விளக்குப் போட மாட்டான். ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டான். "நான் எதையும் தொடுவதில்லை" என்று அவன் சொன்னதைப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அப்பா இசக்கிமுத்து, அந்தப் பக்கத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தார்.

அன்று கரையில், இரண்டு படகுகளுக்கு நடுவே ஓர் உடம்பு கிடந்தது. முகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. சிவப்புக் கரை போட்டது. முதல் நாள் கடலுக்குப் போன பக்கிரி. பக்கத்தில் அவன் தம்பி பாரத் குந்தியிருந்தான். நாலைந்து வருடமாக முத்துகிருஷ்ணனுக்குப் பழக்கமானவன்.

"அண்ணி பாலவாக்கத்துல அவங்க ஆத்தா வூட்ல கீறாங்க. ஆள் போயிருக்கு. அவங்க வந்து பாக்கற வரிக்கும் வேற யாரும் மூஞ்சியப் பாக்கக்கூடாது சார். எங்க வூட்ல அது கட்டு." எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். "போலீசு வண்டி வருதான்னு ரோட்டாண்ட பாத்துட்டு வந்துர்றேன். நாய் கீய் வந்தா ஓட்டு. உன்ன நம்பி வுடலாம். வலையக்கூட நவுத்தாத ஆளாச்சே நீ."

போய்விட்டான்.

முத்துகிருஷ்ணன் நின்றான். கலங்கரை விளக்கின் வெளிச்சம் வந்து துண்டின் மேல் விழுந்து, போயிற்று. மறுபடி வந்தது. போயிற்று. காற்று தானாக விலக்கினால் நான் தொட்டதாகாது என்று காத்திருந்தான்... காற்று நின்றுவிட்டது. தார்ப்பாய்ச் சத்தமும் நின்றுவிட்டது.

குனிந்து துண்டை எடுத்தான். பக்கிரியின் கண்கள் திறந்திருந்தன. வெளிச்சம் திரும்பி வந்தது. ஒரே ஒரு படம். அவசரமாகத் துண்டைப் போட்டு மூடினான்.

அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா கடையில் நிறுத்திக் கற்றுக்கொடுத்த மடிப்பு ஒன்று உண்டு. கரை உள்ளே போக இரண்டாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் ஒரு நீவு. அந்தக் கடைத் துணியைப் பிரிக்காமலே அடையாளம் சொல்லிவிடலாம். அந்த அவசரத்திலும் விரல்கள் துண்டை அப்படியே மடித்து நீவியிருந்தன. அவன் கவனிக்கவும் இல்லை.

பாரத் திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னாலேயே ஊர்க்காரர்களோடு பக்கிரியின் மனைவி முத்துமாரி வந்தாள். மணலில் தடுமாறி ஓடி வந்தவள் துண்டைப் பார்த்ததும் நின்றாள்.

"யாரு மடிச்சது?"

"யாரும் தொடல அண்ணி. சும்மா போட்டு மூடிக்கீறோம். சார்தான் நின்னுக்கினு இருந்தாரு."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் எதையும் தொடலம்மா."

அவள் மறுபடி கேட்கவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

எட்டு மாதம் கழித்து அவனுடைய பெரிய கண்காட்சி. நாற்பது மூடிய பொருள்கள். கடைசிச் சுவரில் ஒரே ஒரு திறந்த முகம் என்று ஏற்பாடு. அபிராமபுரத்தில் தனியாக இருந்த வீட்டில் குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் அந்தப் படத்தைக் கழுவினான். தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் படகு வந்தது. பிறகு மணல். பிறகு தோள்... முகம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு வந்தது. கரை உள்ளே போன மடிப்பு.

மருந்து நெடியைத் தாண்டி உப்புக் காற்று வாடை அடித்தது. இன்னொரு தாள் போட்டான். துண்டு. ஐந்து தாள். ஐந்திலும் துண்டு. பிலிம் சுருளை விளக்குக்கு நேராகப் பிடித்தான். அதில் முகம் தெளிவாக இருந்தது.

தாள்களில் இருந்தது கடை மடிப்பு என்று அப்போதுதான் அவன் பார்த்தான். யாரு மடிச்சது என்று அவள் கேட்டது புரிந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதான்.

விடிவதற்குள் ஒரு தாளை உறையில் போட்டுக்கொண்டு லூப் ரோட்டுக்குப் போனான். முத்துமாரி தன் மீன் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நான்தாம்மா தொட்டேன்."

"தெரியும். எங்க ஆளுங்க யாரு துணிய அப்படி நீவுவாங்க?" பெட்டியை மூடினாள். "வேத்தாளு பாத்த மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது? நான் தொறக்கவே இல்ல சார். பாக்காமலே அனுப்பிட்டேன்."

உறையை நீட்டினான். அவள் தாளை எடுத்துத் தெரு விளக்கின் கீழே பிடித்தாள். எட்டிப் பார்த்தான். அவன் கண்ணுக்குத் துண்டுதான் தெரிந்தது.

அவள் விரலால் தாளைத் தடவினாள். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில்.

"கண்ணத் தொறந்துனு கீறாரு," என்றாள் மெதுவாக. "நான் வருவேன்னு பாத்துனு இருந்திருக்காரு." தாளை மடியில் செருகிக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். நீ போ."

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைக் காணோம். அந்த இடத்தில் நனைந்த துண்டு.

ஓடினான். டீக்கடைக்காரருக்குத் துண்டு. பால் வண்டிக்காரருக்குத் துண்டு. முதல் பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலும்... துண்டு. தி. நகர் வீட்டில் அப்பாதான் கதவைத் திறந்தார். வேட்டி, கண்ணாடி தொங்கும் கயிறு, கழுத்துக்கு மேலே சிவப்புக் கரை உள்ளே போன மடிப்பு. சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏல, என்னத்தல அப்படிப் பாக்க?" என்றது அப்பாவின் குரல்.

கண்காட்சி நடக்கவில்லை. பையனுக்குக் கண்ணில் கோளாறு என்று வீட்டார் சொன்னார்கள். இன்றும் அதுதான் பதில்.

இரண்டு வருடம் கழித்து இசக்கிமுத்து போனார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒன்றும் மூடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். எடுக்கும் நேரத்தில் அவன் அம்மா சண்முகவடிவு கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாத்துக்கிடுல."

குனிந்தான். அப்பா கற்றுக்கொடுத்த மடிப்பு. ஒரு சுருக்கம் இல்லை.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேம்மா," என்றான்.

தூக்கிய பிறகு, சகலை என்ற முறையில் தலையணையை எடுத்தவர் நம் நண்பர். தொப்பலாக நனைந்திருந்தது. உதறினார். தரையில் மணல் விழுந்தது.