துவானுக்கு நான் சொன்ன யோசனை

ஆடிக் கிருத்திகை அன்று காலை லாட்ஜ் வரவேற்பில் இருந்தவர்கள்: ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டும் சிங்காரம், அவர் மகள் புவனா, நைட் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான். டீ சுமாராக இருந்தது. துவான் இல்லை. அவன் மலைமேல் காவடியோடு வரிசையில் நின்றிருந்தான். அது என் யோசனை.

துவான் வியட்நாம்காரன். ஷூ கம்பெனிப் பெண்களுக்குப் புது மெஷின் சொல்லிக்கொடுக்க வந்தவன். கம்பெனி அவனை எங்கள் லாட்ஜில் தங்கவைத்திருந்தது. புவனாவுக்கு அவன் மெஷின் சொல்லிக்கொடுத்தான். அவள் அவனுக்குத் தமிழ். இரண்டு பேரும் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

நான் சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டவன். அதனால் தெருவில் எனக்கு வக்கீல் என்று பெயர். துவானும் வக்கீலிடம்தான் வந்தான்.

"அண்ணா, விசா முடியப்போவுது. புவனா அழுதுகினே இருக்கா. அவ நைனா, ஊருக்குப் போய் வேற விசா வாங்கிகினு வா, பொண்ணு தர்றேன்றாரு. போவட்டா?"

சிங்காரம் சொன்னதுதான் சரியான வழி. எனக்கும் தெரியும்.

"போனா அவ்ளோதான்டா. உன்னக் கழட்டிவிடத்தான் அப்படிச் சொல்றாரு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கோ. சாமிக்கு வேண்டிக்கினவன வேணாம்னு சொல்ல அவருக்கு தைரியம் வராது."

"விசா?"

"முருகன் வள்ளியக் கட்டிக்கினது இந்த ஊர்லதான். அவரு எந்த விசாவுல வந்தாரு? லேட்டானா ஃபைன் கட்டிட்டுப் போ."

சிரித்தான். மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டான். எடுக்காமல் போனால் சாமி குத்தம் என்றும் சொல்லிவைத்தேன். அவன் ஊர் சாமிகளுக்கு இவ்வளவு ஞாபகசக்தி கிடையாதாம்.

விசா முடிந்தது. கம்பெனி அறையைக் காலி செய்தது. பதிவேட்டில் ஏற்றாமல் மாடியில் ஓர் அறை கொடுத்தேன். பிடிபட்டால் ஃபைனோடு போகாது, மறுபடி இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை.

புவனாமேல் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவாள், வெள்ளிக்கிழமை கனகாம்பரம் வைப்பாள். ஷிப்ட் முடிந்து போகிற எவன் கண்ணிலும் படுவதுதான்.

காவடி எடுப்பவனுக்கு போன் எதற்கு என்று கிருத்திகை அன்று காலையிலேயே துவானிடமிருந்து வாங்கி, அணைத்து, மேசைக்குள் வைத்துவிட்டேன்.

"எங்கப்பா நம்ம பையன்? பொண்ணு போன் மேல போன் போட்டுகினு இருக்குது, எடுக்கல" என்றார் சிங்காரம். கையில் மாலை. கழட்டிவிட நினைக்கிறவர் வாங்குகிற மாலை இல்லை, நல்ல கனம்.

"நேத்தே பிளேன் ஏறிட்டான் மாமா."

அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

"என்னாண்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னானா?" என்றாள் புவனா.

"ஒண்ணும் சொல்லல."

மாலையை கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் செய்தேன். சட்டம் படித்தவனுக்குப் பொறுப்பு இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் துவான் இறங்கி வந்தான். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம்.

"அண்ணா, முடிச்சிட்டேன். அவங்க வந்தாங்களா?"

"வந்துகினு இருக்காங்க. மேல போய்க் குளிச்சிட்டு நல்ல சட்டையாப் போடு. மாப்பிள்ளை மாதிரி இரு."

"ஆங்" என்று படியேறினான். நானும் பின்னாலேயே போனேன். அவன் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தி வெளிப்பக்கம் பூட்டினேன். திருவிழா நாள், ஊரெல்லாம் திருடர்கள்.